டிரைவர் பந்தி

"வண்டி வந்துச்சு, கூடவே கொழுப்பும் வந்துச்சு. இல்லன்னா பெத்தவள ஒண்டியா வுட்டுட்டு எவனாச்சும் போவானா?" என்றாள் கோவிந்தம்மாள்.

"நிறுத்துடி. எம் புள்ளையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

"எனக்கு இன்னா, ஊருக்கே தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கினு கெடந்தவனுக்கு எம்எல்ஏ வண்டி எதுக்கு? மேல ஏறிக் குந்துனான், கீழ கீறவங்க கண்ணுக்குத் தெரியல. பொண்டாட்டி காதக் கடிச்சா, பொட்டியத் தூக்கிக்கினான்."

"செங்கேணியா கடிக்கறவ? நீ எங்க வூட்டுக்கு வந்தப்பல்லாம் எனக்கு முன்னாடி உனக்குத்தான டீ குடுத்தா?"

"டீ குடுத்தா ஆச்சா? சரி, நீயே சொல்லு. எதுக்குப் போனான்?"

ஏரிக்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. எனக்கு முட்டிவலி என்பதால் தண்ணீர் மொண்டு கொடுக்கிற வேலை. மரத்து நிழலில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு குடத்தில் தண்ணீர் எடுக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. எதிர்வீட்டு ஜெனிஃபர் டீச்சர், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சை அவள் நேராக்கி எழுதிக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் நேராக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

என் மகன் பெயர் ஏகாம்பரம். நாற்பத்து மூன்று வயது. இப்போது ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். மாதம் ஒருமுறை என் சர்க்கரை மாத்திரையை வாங்கி, எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறான். அம்மாவை விட்டுவிட்டுப் போனவன் மாத்திரை தீர்கிற நாளை ஞாபகம் வைத்திருப்பானா? இதைக் கோவிந்தம்மாளிடம் சொல்லலாம்தான். சொன்னால், அவ்வளவு நல்லவன் ஏன் போனான் என்று மறுபடியும் அங்கேயே வந்து நிற்பாள்.

அவன் ஒன்பதாவது படிக்கும்போது அவன் அப்பா பம்பு செட்டில் மின்சாரம் தாக்கிப் போய்விட்டார். வாலாஜாபாத்தில் என் தம்பி தேவராஜனுக்கு ரைஸ் மில் இருக்கிறது. தம்பி வந்து பையனை அழைத்துப்போய் மில் லாரியில் கிளீனராக விட்டான். நல்லதுதான் செய்தான், இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். ஏகாம்பரம் லாரியைத் துடைத்துத் துடைத்தே வண்டி ஓட்டக் கற்றான். லைசென்ஸ் எடுத்ததும் உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டப் போனான். இருபது வருஷம் அதே வேலை. வேன்தான் மூன்று முறை மாறியது.

சின்னப் பிள்ளைகளுக்கு வேன் படி எட்டாது. அதற்காகத் தச்சரிடம் ஒரு சின்ன மரப்படி செய்து வாங்கினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, படியைப் போட்டு, பிள்ளைகளை ஏற்றி, படியை எடுத்து உள்ளே வைத்து, "ஏறியாச்சா?" என்று ஒரு சத்தம் கொடுப்பான். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஏறியாச்சு!" என்று கத்தும். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். இது அவனுக்கு எப்படிப் பழகிப்போயிற்று என்றால், என்னை டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட "ஏறியாச்சா?" என்பான். "நான் ஒருத்திதாண்டா கீறேன்" என்பேன்.

அவனுக்கு டிரைவர் என்பதில் ஒரு குறையும் இருந்ததில்லை. குறை எனக்குத்தான் இருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பியின் பெரிய மகளுக்குக் கல்யாணம். பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொண்டு ஏகாம்பரம் வேனிலேயே எங்கள் தெருக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தான். மஞ்சள் வேன் மண்டபத்து வாசலில் நின்றதுதான் தாமதம், என் தம்பி பெண்டாட்டி ஓடி வந்தாள்.

"ஏகா, நல்ல நேரத்துக்கு வந்த நைனா. பஸ் ஸ்டாண்டுல மாப்ள வூட்டு ஜனங்க வந்து நிக்கிது. ஒரு நடை போய்க் கூட்டியாந்துடு."

ஒரு நடை என்றது நாலு நடை ஆயிற்று. தாலி கட்டும்போது என் பிள்ளை ரோட்டில் இருந்தான். வந்தவுடன், "பின்னாடி ஷெட்டுல டிரைவருங்களுக்கு எலை போட்டுக் கீறாங்க, நீயும் அங்கியே சாப்டுடுப்பா, இங்க எடமில்ல" என்றாள். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. டிரைவர்களும் பேண்டு வாசிக்கிறவர்களும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்த அக்காள் மகன் அந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம், "சாம்பார் சூப்பரும்மா, முன்னாடி பந்தியவிட இங்க சூடா போட்டாங்க" என்றான்.

அவனுக்கு அது சாம்பார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தம்பி வீட்டு வாசலை நான் எட்டு வருஷம் மிதிக்கவில்லை. அவன் நாலு முறை வந்து கூப்பிட்டான். "உங்க வூட்டுக்கு டிரைவர் வேணும்னா சொல்லு, அனுப்பறேன். அக்கா வேணும்னா வேற பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் பிடித்த பிடியை விடமாட்டேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டேன். வண்டி வாங்குடா, சொந்தமாக வாங்குடா என்று.

"வாங்கலாம்மா. சின்னதா ஒண்ணு பாத்து வெச்சிக் கீறேன். நம்ம நாலு பேருக்கு அது தாராளம்."

"சின்னது எதுக்குடா? உன் மாமன் வண்டியவிட ஒசரமா வாங்கு. அவன் பொண்டாட்டி கழுத்தத் தூக்கிப் பாக்கணும்."

எங்கள் பக்கத்தில் பெரிய வண்டி வாங்குகிறவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மனை விற்கிறவன், ரோடு சரியில்லை என்பான். ஒன்றியக் கவுன்சிலர், கூட நிறையப் பேர் ஏறுகிறார்கள் என்பார். அவர் தனியாகப் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கல் கிரஷர் டிப்பர் லாரிகள் சின்ன வண்டியை மதிப்பதே இல்லை, ஏறி மிதித்துவிட்டுப் போய்விடுவான்கள் என்பார் ரிட்டயரான வாத்தியார். அது பொய் இல்லை. ஏகாம்பரமே எத்தனையோ தடவை வேனைப் பிள்ளைகளோடு வரப்போரம் இறக்கி நிறுத்தியிருக்கிறான். ஆக, நான் நச்சரித்து நச்சரித்து அவன் சரி என்று தலையாட்டியபோது, அவனும் ஊரில் எல்லோரிடமும் அந்த டிப்பர் காரணத்தையே சொன்னான். 'எங்கம்மாவுக்கு ஒருத்தர் கழுத்தைத் தூக்கிப் பார்க்கணுமாம்' என்று எவனாவது வெளியே சொல்வானா?

காஞ்சிபுரத்தில் ஒரு கட்சிக்காரர் வைத்திருந்த பழைய வண்டி. கறுப்பு. ஏழு பேர் உட்காரலாம். முன்பக்கம் மூக்கின் மேல் ஒரு கொடிக் கம்பி நட்டிருந்தது, கொடி இல்லாமல். ஏகாம்பரம் முதல் நாளே ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

"கழட்டாதடா, அது அழகா கீது" என்றேன்.

"நமக்கு எதுக்கும்மா கம்பி? எந்தக் கொடிய ஏத்தப் போறோம்?"

"இருக்கட்டும் வுடுடா."

அந்தக் கம்பி செய்த வேலையை நான் என்னவென்று சொல்வது! பஸ் ஸ்டாண்டு முனையில் நின்ற போலீஸ்காரர் எங்கள் வண்டிக்கு சல்யூட் வைத்தார். திருப்புட்குழிப் பெருமாள் கோயிலில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கட்டியிருந்த கயிற்றை ஓடி வந்து அவிழ்த்துவிட்டார்கள். நான் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் கரைக்கு மேலாக ஏரித் தண்ணீர் தெரியும். அறுபத்தெட்டு வயதில் ரோட்டில் போய்க்கொண்டே ஏரித் தண்ணீரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. டிப்பர்காரன்கூட ஒதுங்கினான். ஒதுங்கும்போது எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. அதை ஒளிக்கமாட்டேன்.

ஏறுவதுதான் பாடு. என் முட்டிக்கு அந்த உயரம் எட்டவில்லை. மறு வாரமே ஏகாம்பரம் தச்சரிடம் போய், வேனில் இருக்கிற மாதிரியே இன்னொரு மரப்படி செய்து வந்தான். எங்கே போனாலும் அவன் முதலில் இறங்குவான். பின் கதவைத் திறந்து படியை எடுத்து என் காலடியில் போடுவான். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் கையைப் பிடித்து இறக்குவான். ஏறும்போதும் அப்படியே. ஏற்றிவிட்டு, "ஏறியாச்சா?"

வாடகைக்கு வருமா என்று ஊரில் கேட்டார்கள். கல்யாணத்துக்கு, திருப்பதிக்கு. விட்டால் அவனுக்கும் ஒத்தாசையாக இருந்திருக்கும். நான் விடவில்லை. "வாடகைக்கு ஓட்டுனா மறுபடியும் டிரைவர்தான? சொந்தத்துக்கு மட்டும் எடு" என்றேன். அவன் பகலெல்லாம் மஞ்சள் வேனை ஓட்டினான். கறுப்பு வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வீட்டுப் பக்கத்தில் நின்றது.

ஒரு நாள் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து சிரித்தான்.

"எம்மா, ஒரு தமாஷ் கேளு. பங்க்குல, 'சார் வரலியா?'ன்னு கேக்கறான். எந்த சாருன்னேன். 'வண்டி ஓனரு'ன்றான். சின்ன வண்டில போனா ஓட்டறவன் ஓனரு. இதுல போனா ஓட்டறவன் டிரைவரு. இதுக்கு வேனே தேவலாம், அதுலயாச்சும் புள்ளைங்க அண்ணான்னு கூப்புடும்."

"தலைய நிமித்தி உக்காந்து ஓட்டு. தானா ஓனராத் தெரிவ" என்றேன்.

போன தை மாதம் தம்பி ஐந்தாவது முறையாக வந்தான். சின்ன மகளுக்குக் கல்யாணம். தாம்பாளத்தோடு என் காலில் விழுந்தான். எட்டு வருஷம் பிடித்த பிடியை நான் அன்று விட்டேன். தம்பி அழுததற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். வெளியே வண்டி நின்றதுதான் காரணம். அதில் போய் இறங்க எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது.

பேத்தி சுபாஷ்ரீக்கு அன்று பரீட்சை. செங்கேணி அவளோடு வீட்டில் இருந்துவிட்டாள். நானும் ஏகாம்பரமும் மட்டும் கிளம்பினோம். அவன் நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா இது? பெரிய மனுசன் மாதிரி வெள்ளையா போடு."

"வெள்ளைக்கு வேட்டி கட்டணும்மா. வேட்டிய கட்டிக்கினு எனக்கு கிளட்ச்சு மிதிக்க வராது."

"வெள்ளை பேண்டு கீது இல்ல? அத போடு."

போட்டான். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்டு. பெரிய வீட்டு டிரைவர்கள் அப்படித்தான் உடுத்துவார்கள் என்று என் மண்டையில் உறைக்கவில்லை. அவனுக்கு உறைத்திருக்கும். நான் சொன்னேன் என்று போட்டான்.

மண்டபத்து வாசலில் சந்தனம் பூசிக்கொண்டு நின்ற ஆள் எங்கள் வண்டியைப் பார்த்ததும் மற்ற வண்டிகளை ஒதுக்கினான். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து, "டிரைவர், அம்மாவ இங்க எறக்கிட்டு வண்டிய பின்னாடி போடு" என்றான். ஏகாம்பரம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். இறங்கினான். படியைப் போட்டான். கதவைப் பிடித்தான். கையைக் கொடுத்தான். மண்டபத்து வாசலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். அவ்வளவு மெதுவாக இறங்கத் தேவையே இல்லை.

உள்ளே மாப்பிள்ளையின் பெரியம்மா வரலக்ஷ்மி என்கிறவள், காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருக்கிற குடும்பம், என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் முன் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. மற்றவர்களுக்குப் பேப்பர் கப்.

"நீங்க வந்து எறங்குனத பாத்தேம்மா. எங்க வூட்டுக்காரரும் இதே வண்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா, அதுல ஏறி உக்காந்தாத்தான் நாலு பேரு வணக்கம் சொல்றான்றாரு" என்று சிரித்தாள். "ஆனா உங்க டிரைவர் மாதிரி ஆள் கெடைக்கணுமே. படிய போட்டு, கையப் புடிச்சி, எவ்ளோ பொறுப்பா எறக்குனான்! எங்கேம்மா புடிச்சீங்க இவன?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தது நிஜம். 'அவன் என் புள்ளைம்மா' என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை என்று சொன்னால் அடுத்து, பிள்ளை என்ன வேலை என்று கேட்பாள். பள்ளிக்கூட வேன் என்று சொல்ல வேண்டும். காபி டம்ளர் கையில் சூடாக இருந்தது.

"ரொம்ப நாளா எங்ககிட்டதான் கீறான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் வண்டியை நிறுத்திவிட்டு, வண்டியிலேயே நான் விட்டுவிட்டு வந்த மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று எனக்குத் தெரியாது. பையை நீட்டினான். வரலக்ஷ்மி அவனைப் பார்த்து, "சாப்டியாப்பா? டிரைவருங்களுக்கு எலை போட்டாச்சு பாரு" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று காத்திருந்தான்.

"நீ போய் சாப்டு" என்றேன். "பின்னாடி போய் சாப்டு."

"சரிங்கம்மா" என்றான் என் பிள்ளை. 'போம்மா', 'வாம்மா' என்று நாற்பது வருஷம் பேசியவன்.

தாலி கட்டினதை நான் பார்த்தேனா என்று கேட்டால், கண் இருந்தது, பார்த்தது. கெட்டிமேளம் ஓய்ந்து முதல் பந்தி எழுந்த நேரத்தில் தம்பி தேவராஜன் என்னைத் தேடி வந்தான். மாலை போட்ட கழுத்தோடு என் காதருகே குனிந்தான்.

"க்கா, ஏகா பின்னாடி ஷெட்டுல டிரைவருங்களோட குந்திக்கினு சாப்டுறான். எதுக்குடா இங்க வந்தன்னேன். 'அம்மாதான் மாமா சொன்னாங்க'ன்றான்." மூச்சு விட்டுவிட்டுச் சொன்னான்: "அன்னிக்கு எம் பொண்டாட்டி தெரியாம பண்ணிட்டான்னு எட்டு வருசம் எங்கள வாசல்ல நிக்க வெச்ச. இன்னிக்கு யாரு பண்ணதுக்கா?"

தம்பி பெண்டாட்டி அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தைத் தூக்கவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பும்போது ஏகாம்பரம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கினான். படியை எடுத்தான். முன் கதவருகில் போடவில்லை. பின் சீட்டுக் கதவைத் திறந்து அங்கே போட்டான். நான் ஏறினேன். கையைக் கொடுத்தான், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கதவைச் சாத்தினான். "ஏறியாச்சா?" என்று கேட்கவில்லை. வண்டி நகர்ந்தது. வாலாஜாபாத்திலிருந்து உத்திரமேரூர் வரை அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பின் சீட்டிலிருந்து ஏரி தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தாலும் அவன் போயிருக்கமாட்டான். அவன் குணம் எனக்குத் தெரியும். கூட்டத்தில் வாய் தவறிவிட்டது என்று இரண்டு நாளில் அவனே என்னை மன்னித்து, அதையும் ஒரு தமாஷாக ஆக்கியிருப்பான். அடுத்து நான் செய்ததைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் ஏரிக்கரையிலிருந்து எழுந்து போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் கொடிக் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தான். செங்கேணி பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி வாசற்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடா கழட்டற?" என்றேன்.

"இது இருக்கறதாலதாம்மா பின்னாடி யாரோ உக்காந்துக்கினு வர்றாங்கன்னு நெனைக்கறாங்க."

மன்னிப்புக் கேட்க அது நல்ல நேரம். என் வாய் அப்படி வளையாது. "அந்தப் பொம்பள படபடன்னு கேட்டுச்சிடா. நின்னு வெளக்கம் சொல்ல நேரம் ஏது?" என்றேன்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "'எம் புள்ள'ன்னு சொல்ல எவ்ளோ நேரம்மா ஆவும்?"

மெதுவாகத்தான் கேட்டான். செங்கேணி துவைப்பதை நிறுத்திவிட்டாள். மருமகள் முன்னால், பேத்தி முன்னால் நான் மடக்கப்பட்டு நிற்கிறேன் என்று எனக்குள் ஒன்று சீறியது.

"வெள்ளை பேண்ட மாட்டிக்கினு கார் கதவப் புடிச்சிக்கினு நின்னா வேற இன்னான்னுடா சொல்லுவாங்க? டிரைவர டிரைவர்னுதான் சொல்லுவாங்க. நான் இன்னா பொய்யா சொன்னேன்?"

மண்டபத்தில் சொன்னது கூச்சத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது என் வீட்டில், யாரும் கேட்காமல், என் வாயால் சொன்னது. எட்டு வருஷமாக எந்த வார்த்தைக்காக ஊரோடு சண்டை போட்டேனோ, அந்த வார்த்தையை எடுத்து அவன் மேல் எறிந்தேன். பேத்தி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

ஏகாம்பரம் கம்பியைக் கழற்றி முடித்தான். துடைத்தான். சுவரோரம் சாய்த்து வைத்தான். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. யாரோடோ போனில் பேசினான். ஒரகடம், கம்பெனி பஸ், மூன்று பேர் தங்குகிற வீடு என்று காதில் விழுந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நானாகப் போய்ப் பேசினால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று இருந்தேன். எட்டு வருஷம் தம்பியிடம் வீம்பு பிடித்துப் பழகியவளுக்கு ஒரு நாள் எம்மாத்திரம்?

நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை. செங்கேணி இட்லி சுட்டு என் தட்டில் வைத்தாள். "அத்த, மாத்திரைய மறக்காதீங்க, டப்பா மேல வெச்சிக் கீறேன்" என்றாள். கண் சிவந்திருந்தது. இரண்டு பைகள் வாசலருகில் இருந்தன. நான் இட்லியைப் பிட்டேன்.

ஏகாம்பரம் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையில் இருந்தான். வண்டிச் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"வண்டி உன்னுதும்மா. உனக்காகத்தான் வாங்குனது. எங்கியாச்சும் போவணும்னா ஒரு டிரைவர் வெச்சிக்கோ."

குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் நான் திருப்பிக் குத்தியிருப்பேன், எப்படியோ பேச்சு நடந்திருக்கும். வெளியே போனான். வண்டியின் பின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மரப்படியோடு உள்ளே வந்தான். கொல்லைப்பக்கம் குளிக்கிற இடத்து வாசலில் அதைப் போட்டு, ஆடாமல் இருக்கிறதா என்று தானே ஒரு தடவை ஏறி நின்று பார்த்தான்.

"இங்க படி ஒசரம். இதுல கால் வெச்சி எறங்கு" என்றான்.

பேத்தி, "ஆயா, வரேன்" என்றாள். செங்கேணி என் காலைத் தொட்டாள். இரண்டு பேரும் பைகளோடு தெருவில் இறங்கினார்கள். எதிர்ப்பக்கம் கோவிந்தம்மாள் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி நிற்கிறது, மகன் போகிறான்; அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஏகாம்பரம் மட்டும் வாசற்படியில் நின்றான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு. கடைசிப் பிள்ளை ஏறுகிற வரைக்கும் வேன் கதவருகில் அப்படித்தான் நிற்பான். யாருக்காக நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஏகா என்று கூப்பிட்டால் போதும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.